அல்சாஸில் ஒரு நாள்: மலைச்சாலை, வைன், உணவு மூன்றையும் கெடுக்கும் தவறுகள்

சுவிஸின் பாசல் நகரிலிருந்து காலையில் புறப்பட்டு இரவே வீடு திரும்பக்கூடிய பயணங்களில், மலைச்சாலை, திராட்சைத் தோட்டம், ஊர்ச் சமையல் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் நிறைவாகத் தருவது பிரான்சின் அல்சாஸ் பகுதி. சுவிஸிலும் தென் ஜேர்மனியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே போய்வருகின்றன. ஆனால் திரும்பி வந்தவர்களில் பலர் பேசுவது அங்குள்ள கொல்மார் நகரில் வாகனம் நிறுத்த இடம் தேடி அலைந்ததையும், இரண்டரை மணிக்குப் பசியோடு போனபோது உணவகங்கள் மூடியிருந்ததையும் பற்றித்தான். இடத்தில் குறை இல்லை. நாளை அடுக்கிய விதத்தில்தான் குறை. எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடுவது என்ற இரண்டையும் வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டால் பெரும்பாலான தவறுகள் நேராது.

பலரும் செய்யும் தவறு, ‘அல்சாஸ் வைன் சாலை’ முழுவதையும் ஒரே நாளில் ஓடி முடிக்க நினைப்பது. 1953இல் திறக்கப்பட்ட அந்தச் சாலை வடக்கே மார்லன்ஹைம் தொடங்கித் தெற்கே தான் என்ற ஊர் வரை ஏறத்தாழ 170 கிலோமீற்றர் நீள்கிறது. வரைபடத்தில் பார்த்தால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் போலத் தோன்றும். ஆனால் சில கிலோமீற்றருக்கு ஒரு கிராமம் குறுக்கிடும். கிராமத்துக்குள் வேகம் 50 அல்லது 30. அறுவடைக் காலத்தில் திராட்சை ஏற்றிய உழவு இயந்திரங்களுக்குப் பின்னால்தான் ஊர்ந்து போக வேண்டும். மதில் சூழ்ந்த பழைய ஊர்களின் உள்ளே வெளியூர் வாகனங்களுக்கு இடமில்லை என்பதால், ஒவ்வோர் ஊரிலும் வெளியே நிறுத்தி, கட்டணம் செலுத்தி, நடந்து போய்த் திரும்புவதிலேயே நேரம் கரைந்துவிடும். ரிக்விர், எகிஸ்ஹைம், கைசர்ஸ்பெர்க், ரிபோவில்லே என்று நான்கு ஊர்களைப் பட்டியலிட்டுக்கொண்டு போகிறவர், மரச்சட்டம் வைத்துக் கட்டிய வண்ண வீடுகளை மூன்றாவது ஊரிலேயே பார்க்காமல் நடக்கத் தொடங்கிவிடுவார். ஒரு நாளுக்கு ஓர் ஊர் போதும், மிஞ்சினால் இரண்டு. கோடை வார இறுதிகளிலும் நத்தார்ச் சந்தை நாட்களிலும் ரிக்விரைத் தவிர்த்து, முன்ஸ்டர் பள்ளத்தாக்கின் வாயிலில் உள்ள துர்க்ஹைமைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து. மலையிலிருந்து இறங்கும் வழியிலேயே அந்த ஊர் இருக்கிறது, அழகில் குறைவில்லை, ஊரை ஒட்டியே பிரான்ட் என்னும் கருங்கல் மண் சரிவில் புகழ்பெற்ற தோட்டமும் இருக்கிறது.

வைன் சாலையை மட்டும் பார்த்துவிட்டு மலையை விட்டுவிடுவது அதைவிடப் பெரிய இழப்பு. வோஸ்ஜ் மலைத்தொடரின் முகட்டை ஒட்டிப் போகும் ‘ரூத் தே கிரெத்’ சாலை முதலாம் உலகப் போரின்போது பிரெஞ்சுப் படைக்குப் பொருள்களும் ஆட்களும் கொண்டுசெல்வதற்காக அமைக்கப்பட்டது. ஜேர்மன் பீரங்கிகளின் பார்வையில் படாமல் இருக்கவே அதன் பெரும்பகுதி முகட்டின் மேற்குப் பக்கமாகச் செல்கிறது. தெற்கே செர்னேயில் ஏறினால் ஹார்ட்மன்ஸ்வில்லர்கோப், 1,424 மீற்றர் உயரமுள்ள கிராண்ட் பாலோன், மார்க்ஸ்டைன், 1,363 மீற்றர் உயர ஓனெக், ஷ்லுக்ட் கணவாய் என்று தொடர்ந்து போய், அங்கிருந்து கிழக்கே முன்ஸ்டருக்கு இறங்கலாம். பாசலிலிருந்து வருபவர்களுக்கு இது இயல்பான வட்டம்: போகும்போது மலை, வரும்போது தோட்டங்கள், பிறகு கொல்மாரிலிருந்து கட்டணமில்லாத ஏ35 நெடுஞ்சாலை.

இங்கே வழிகாட்டிச் செயலியை நம்பிவிடுவது தவறாகும். செர்னேயிலிருந்து முன்ஸ்டருக்கு வழி கேட்டால், விரைவான பாதை என்று சமவெளி வழியாகவே அது அழைத்துச் செல்லும். கிராண்ட் பாலோன், மார்க்ஸ்டைன், ஓனெக் ஆகியவற்றை இடைநிறுத்தங்களாக ஒவ்வொன்றாக இட்டுக்கொள்ள வேண்டும். டி431, பிறகு டி430, இறங்கும்போது டி417 என்ற சாலை எண்களைத் தாளில் எழுதி வைத்திருப்பதும் உதவும், ஏனெனில் மேலே கைத்தொலைபேசி அலை எல்லா இடத்திலும் சீராகக் கிடைப்பதில்லை. குளிர்காலத்தில் முகட்டுச் சாலையின் பெரும்பகுதி பனியால் மூடப்படும். ஆகவே நவம்பர் முதல் ஏப்ரல் வரை போகிறவர்கள் சாலை திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்யாமல் புறப்படக் கூடாது. கோடையிலும் சமவெளிக்கும் முகட்டுக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு பெரியது. கொல்மாரில் அரைக்கைச் சட்டை போதுமான நாளிலும் கிராண்ட் பாலோன் உச்சியில் காற்று உடம்பைத் துளைக்கும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் மேலாடை கட்டாயம். இதற்கு மறுபக்கமும் உண்டு: இலையுதிர் காலத்தில் சமவெளி முழுவதும் மூடுபனியில் கிடக்கும்போது முகடு வெயிலில் இருக்கும், தெற்கே ஆல்ப்ஸ் வரை தெரியும். கீழே மங்கலாக இருக்கிறதே என்று பயணத்தைக் கைவிடுகிறவர்கள் இழப்பது இந்தக் காட்சியைத்தான்.

ஹார்ட்மன்ஸ்வில்லர்கோப்பைப் படம் பிடிக்கும் இடமாக மட்டும் கருதிக் கடந்துவிட வேண்டாம். 956 மீற்றர் உயரமுள்ள அந்த மேட்டுக்காக 1915இல் இரு படைகளும் மாறி மாறிப் போரிட்டன. பதுங்குகுழிகள் இன்றும் காட்டுக்குள் அப்படியே இருக்கின்றன. பிரான்சும் ஜேர்மனியும் சேர்ந்து உருவாக்கிய அருங்காட்சியகம் 2017இல் திறக்கப்பட்டது. 1871, 1918, 1940, 1945 என்று நான்கு முறை கைமாறிய மண் இது என்பதை அங்கே நின்று உணர்ந்த பிறகு, ஊர்ப் பெயர்களும் தட்டில் வரும் உணவும் பாதி ஜேர்மானியமாக இருப்பதன் காரணம் தானே விளங்கும். போரைத் தப்பி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் குழிகளைக் காட்டுவதில் ஒரு பொருள் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

உணவில் நேரும் தவறுகள் பெரும்பாலும் நேரத்தைப் பற்றியவை. பிரான்சில் மதிய உணவு 12 மணிக்குத் தொடங்கி 2 மணிக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு அடுப்பு அணைந்துவிடும், கெஞ்சினாலும் பயனில்லை. மலை மேல் உண்ண வேண்டிய இடம், ‘ஃபெர்ம் ஒபெர்ஜ்’ எனப்படும் பண்ணை உணவகங்கள். கோடையில் மேய்ச்சல் நிலத்தில் மாடு வளர்த்துச் சீஸ் செய்யும் குடும்பங்கள், தம் பண்ணையில் விளைந்ததைக் கொண்டே சமைத்துப் பரிமாறும் இடங்கள் அவை. முன்பதிவு இல்லாமல் ஞாயிறன்று போவது வீண். வாரத்தில் ஒரு நாள் மூடியிருப்பவையும் உண்டு. இரண்டு நாள் முன்னதாகத் தொலைபேசியில் அழைத்துச் சொல்வதே முறை.

அங்கே ‘மர்கேர் விருந்து’ எனப்படும் மலைப் பண்ணைச் சாப்பாட்டைக் கேட்டால் ஒன்றன்பின் ஒன்றாக வரும் தட்டுகளுக்கு வயிற்றில் இடம் வைத்திருக்க வேண்டும். முதலில் சூப், அடுத்து இறைச்சி நிரப்பிச் சுட்ட தூர்த், அதன் பின் புகையிட்ட பன்றியிறைச்சியும் ‘ரோய்காபிராகெல்டி’யும். இந்த ரோய்காபிராகெல்டிக்கு, மெல்லிதாக அரிந்த உருளைக்கிழங்கை வெங்காயம், வெண்ணெய், பன்றிக் கொழுப்புத் துண்டுகளோடு இரும்புச் சட்டியில் மூடி மணிக்கணக்கில் சிறுதீயில் வேகவிடுவார்கள். அடியில் பிடித்த பொன்னிறப் பொருக்கையும் சேர்த்துச் சுரண்டிப் பரிமாறும்போதுதான் அதன் சுவை முழுமை பெறும். இறுதியில் முன்ஸ்டர் சீஸும், அவுரிநெல்லி நிரப்பிய தார்த்தும் வரும். காலையில் பாசலிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் தூர்த்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு முழு விருந்தை இருவர் பகிர்ந்துகொள்ளலாமா என்று பதிவுசெய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது.

மரக்கறி மட்டும் உண்பவர்களும் மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்களும் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஷூக்ரூத் என்னும் புளித்த கோவாவின் மேல் பன்றியிறைச்சியும் தொத்திறைச்சியும் குவிந்திருக்கும். அது கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் ஏமாற்றுவது ‘பெக்கயோஃப’. வெள்ளை வைனில் ஊறவைத்து மூடிய மண்சட்டியில் வேகும் அந்த உணவில் மாடு, ஆடு, பன்றி மூன்றும் வழக்கமாகச் சேரும். ஆட்டிறைச்சி வாசம் வருகிறது என்று நம்பி உண்டுவிடக் கூடாது. உருளைக்கிழங்குத் தட்டிலும் பன்றிக் கொழுப்பு இருக்கும் என்பதால், அது இல்லாமல் செய்துதர முடியுமா என்று முன்பதிவின்போதே கேட்க வேண்டும். மேசையில் அமர்ந்த பிறகு கேட்டால், காலையிலேயே வேகத் தொடங்கிய சட்டியிலிருந்து எதையும் பிரித்தெடுக்க அவர்களால் முடியாது.

வைனுக்கு வருவோம். இதில் முதல் விதிக்கு விலக்கே இல்லை: வாகனம் ஓட்டுபவர் விழுங்கக் கூடாது. பிரான்சில் குருதியில் லீற்றருக்கு 0.5 கிராம் மதுசாரம் என்பதே எல்லை. புதிதாகச் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றவர்களுக்கு அது 0.2. ‘சுவைப்பதுதானே, ஒரு வாய்தான்’ என்பது ஆபத்தான கணக்கு. ஒரு முறைக்கு 4 சென்ரிலீற்றர் ஊற்றினாலும் ஐந்து வகையைச் சுவைத்தால் 20 சென்ரிலீற்றர். அதாவது முழுதாக இரண்டு கிண்ணம். கெவுர்ஸ்ட்ராமினர் போன்ற வெள்ளை வைன்களில் மதுசாரம் 13 அல்லது 14 வீதம் வரை போகும். மதிய உணவோடு குடித்ததும் உடம்பில் மீதி இருக்கும். ஓட்டுபவர் யார் என்பதை வீட்டிலேயே முடிவுசெய்து, அவருக்கு முகர்ந்து, வாயில் சுழற்றித் துப்பும் முறையைக் கற்றுக்கொடுங்கள். வைன் தயாரிப்பவர்களின் நிலவறைகளில் அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவதை அங்கே யாரும் அவமதிப்பாகக் கருதுவதில்லை. அதையும் விரும்பாதவர் தனக்குப் பிடித்ததைப் போத்தலாக வாங்கி வீட்டில் குடிக்கட்டும்.

மலையை முதலிலும் வைனைப் பிறகும் வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வைன் குடித்தவர்களை ஏற்றிக்கொண்டு கொண்டையூசி வளைவுகளில் ஏறினால், பின்னிருக்கையில் இருப்பவர்களுக்குக் குமட்டும். நிலவறைகளும் மதியம் மூடிப் பெரும்பாலும் 2 மணிக்கே மீண்டும் திறக்கின்றன. ஞாயிறன்று பல குடும்பங்கள் திறப்பதில்லை. செப்டம்பர், ஒக்டோபர் அறுவடையில் வீட்டார் அனைவரும் தோட்டத்தில் இருப்பார்கள். அறிவிக்காமல் எட்டுப் பேராக உள்ளே நுழைந்து, பத்து வகை சுவைத்து, ஒன்றும் வாங்காமல் வெளியேறுவது வருத்தம் தரும் நடத்தை. சிறு தோட்டங்களில் சுவைப்பதற்குக் காசு வாங்காவிட்டாலும், இரண்டு மூன்று போத்தல் வாங்குவது எழுதப்படாத மரியாதை.

சுவைக்கும் வரிசையைக் கலைப்பது இன்னொரு தவறு. நம்மில் பலர் வாசனையில் மயங்கி நேரே கெவுர்ஸ்ட்ராமினரைக் கேட்கிறார்கள். ரோசாவும் லிச்சியும் மணக்கும் அதை முதலில் குடித்தால், அடுத்து வரும் ரீஸ்லிங் வெறும் புளிப்பாகத் தோன்றும். சில்வானர் அல்லது பினோ பிளாங், பிறகு ரீஸ்லிங், முஸ்கா, பினோ கிரி, இறுதியில் கெவுர்ஸ்ட்ராமினர் என்று போவதே சரி. இனிப்பு எவ்வளவு என்பதை ஊகிக்கவும் தேவையில்லை: 2021 அறுவடையிலிருந்து அல்சாஸ் வைன் போத்தலில் ஒட்டிய தாளில் செக், தெமி செக், முவாலே, தூ என்ற நான்கில் ஒன்று கட்டாயம் அச்சிடப்படுகிறது. செக் என்பது இனிப்பற்றது, தூ மிகவும் இனிப்பானது. உறைப்பான நண்டுக் கறிக்குச் சற்றே இனிப்புள்ள பினோ கிரி பொருந்தும் என்பது என் அனுபவம். முழுதும் இனிப்பற்றதை வாங்கினால் மிளகாயின் காரம் இன்னும் கூடித் தெரியும். உயர்தரத் தோட்டம் என்று குறிக்கும் ‘கிராண்ட் க்ரூ’ என்ற சொல்லுக்காக மட்டும் இருமடங்கு விலை கொடுக்க வேண்டாம். 51 தோட்டங்களுக்கு அந்தத் தகுதி உண்டு. அவற்றின் வைன்களில் பல சில ஆண்டுகள் நிலவறையில் இருந்த பின்பே திறக்க வேண்டியவை. அடுத்த வாரமே குடிப்பதற்குத் தோட்டக்காரரின் சாதாரண ரீஸ்லிங்கே சிறந்தது.

மாலையில் ‘ஃபிளாம்குஷ்’ உண்ணாமல் திரும்ப வேண்டாம். தாள் போல மெல்லிய மாவில் பாலாடை, வெங்காயம், பன்றிக் கொழுப்புத் துண்டுகள் தூவி விறகடுப்பில் சில நிமிடங்களில் சுடப்படும் அது, பல இடங்களில் மாலையில்தான் கிடைக்கும். மதியம் தேடி ஏமாற வேண்டாம். இறைச்சி இல்லாமல் காளானோடும் கேட்கலாம்.

வாங்கிய போத்தல்களைக் கோடை வெயிலில் நிற்கும் வாகனத்தில் மணிக்கணக்காக விட்டால் வைன் கெட்டுவிடும் என்பதால், வாங்குவதை நாளின் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். முன்ஸ்டர் சீஸுக்கு இறுக மூடும் டப்பா ஒன்று கொண்டுபோங்கள். அதன் வாசம் இருக்கைத் துணியில் நாட்கணக்கில் தங்கும். சுவிஸ் எல்லையில் 17 வயது நிறைந்த ஒவ்வொருவரும் வரியின்றி 5 லீற்றர் வைன் கொண்டுவரலாம். வழக்கமான போத்தலில் ஆறு. இறைச்சி ஒருவருக்கு ஒரு கிலோ மட்டுமே. புகையிட்ட தொத்திறைச்சியும் இந்தக் கணக்கில் சேரும். 2025 ஜனவரி முதல் ஒருவர் கொண்டுவரும் பொருள்களின் மதிப்பு 150 பிராங்கைத் தாண்டினால் பெறுமதிசேர் வரி உண்டு; முன்பிருந்த 300 பிராங்க் எல்லையை நினைவில் வைத்திருப்பவர்கள் இதில் தவறுகிறார்கள். அளவு மிஞ்சியிருந்தால், எல்லைக்கு வரும் முன்பே சுவிஸ் சுங்கத்தின் குயிக்சோல் (QuickZoll) செயலியில் அறிவித்துக் கட்டணத்தைச் செலுத்திவிடலாம். பற்றுச்சீட்டுகளை ஒரே உறையில் போட்டு முன்னிருக்கையில் வைத்திருங்கள்.