மர்மக் கதாபாத்திரத்தின் முன்கதையை ஊகிப்பது எப்படி? முதல்முறை முயல்பவர்களுக்கு

டார்க் சோல்ஸ் (2011) வீடியோ கேம் ஆடியவர்களால் சோலேர் என்ற வீரனை மறக்க முடியாது. வாளியைக் கவிழ்த்ததுபோல் ஒரு தலைக்கவசம், மார்பில் பெரிய சூரியப் படம், இரண்டு கைகளையும் தூக்கி விரித்துச் சூரியனைப் பார்த்து நிற்கும் கோலம். சூரியன் மேன்மையான ஒரு தந்தையைப் போல என்று வேறு சொல்வான். அந்த உலகின் சூரிய அரசன் க்வினுக்கு ஒரு மூத்த மகன் இருந்தான், போர்க் கடவுள். அவன் செய்த ஏதோ மடத்தனத்தால் கடவுள் பதவியும் போய், வரலாற்றிலிருந்தே அழிக்கப்பட்டான். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். சோலேர்தான் அந்த மகன்! நானும் இப்படித்தான் பல மாதம் நண்பர்களோடு மல்லுக்கட்டினேன். சூரியச் சின்னம், மின்னல் ஈட்டி, 'தந்தை' என்ற சொல். இதற்கு மேல் என்ன வேண்டும்?

கேமில் அவன் தலைக்கவசத்துக்குத் தரப்பட்டிருக்கும் விவரத்தைப் படித்திருக்க வேண்டும். அது புனிதப் பொருள் ஒன்றும் இல்லை, அவன் திறமை முழுக்கப் பயிற்சியால் வந்தது, வேறு எதனாலும் இல்லை என்று அதில் போட்டிருக்கிறது. மார்பிலிருக்கும் சூரியனுக்கும் எந்தச் சக்தியும் கிடையாது, அவனே வரைந்துகொண்டது. 2016-ல் டார்க் சோல்ஸ் 3 வந்தது. அதில் டிராகன்களோடு சேர்ந்துவிட்ட பெயரில்லாத மன்னன் ஒருவன் மலையுச்சியில் காத்திருந்தான். முன்னாள் போர்க் கடவுள். கிரீடம் அப்படியே க்வினின் கிரீடம் மாதிரி. என் தியரி அன்றோடு சரி.

ஊகிப்பது எல்லோருக்கும் வரும். என்ன கிடைத்தால் என் ஊகம் பொய்யாகும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கத்தான் யாருக்கும் மனசு வராது. கீழே உள்ள படிகள் அதைப் பழகத்தான்.

(ஸ்பாய்லர் எச்சரிக்கை: எல்டன் ரிங், அண்டர்டேல் இரண்டின் ரகசியங்களும் கீழே உடையும். இன்னும் ஆடாதவர்கள் ஆடிவிட்டு வாருங்கள், பதிவு எங்கேயும் போகாது.)

படி 1: விடை தெரிந்த மர்மத்தில் கை பழகுங்கள்

புதிதாக வருபவர்கள் நேராக யாருக்குமே விடை தெரியாத புதிருக்குப் போய்விடுகிறார்கள். அங்கே நீங்கள் சொல்வது சரியா தவறா என்று சொல்ல ஆளில்லை. எப்படித் திருந்துவீர்கள்? கேமே விடை சொல்லிவிட்ட ஒரு மர்மத்தை எடுத்து, விடை தெரியாததுபோல் ஆரம்பத்திலிருந்து போட்டுப் பாருங்கள்.

இதற்கு எனக்குப் பிடித்தது எல்டன் ரிங்கின் (2022) ரடாகான். நோட்டில் இவற்றை எழுதுங்கள்:

- சிவப்பு முடி வீரன். முதலில் ரென்னாலா அரசியை மணக்கிறான், மூன்று பிள்ளைகள்.
- மரிக்கா அரசியின் கணவன் காட்ஃப்ரே நாடுகடத்தப்பட்டதும், ரென்னாலாவை விட்டுவிட்டு மரிக்காவுக்குக் கணவனாகப் போகிறான்.
- ரடாகான், மரிக்கா இருவருக்கும் பிறந்தவர்கள் மிக்கெல்லாவும் மலேனியாவும். இருவருக்கும் பிறவியிலேயே சாபம்.
- மலேனியாவை வென்றதும் கிடைக்கும் 'ரிமெம்பரன்ஸ்' (நினைவுப் பொருள்) விவரம், அந்த இருவரும் *ஒரே ஒரு* கடவுளின் பிள்ளைகள் என்கிறது.
- அந்த உலகின் ஒழுங்கையே தாங்கும் எல்டன் ரிங்கை மரிக்கா உடைத்ததும், ரடாகான் ஒட்டவைக்க முயன்றதும் ஒரே சுத்தியலால்.

இவற்றில் சில, தலைநகரைத் தாண்டிய பிறகுதான் கையில் கிடைக்கும். பயிற்சி என்பதால் எல்லாவற்றையும் மொத்தமாக மேசையில் பரப்பிக்கொள்வதில் தப்பில்லை.

நான்காவது வரியில் நில்லுங்கள். அப்பா ஒருவர், அம்மா ஒருவர் என்று முந்தைய வரி சொல்லிவிட்டது. அப்புறம் ஏன் 'ஒரே கடவுள்'? அவசரக்காரர்கள் இதை எழுத்துப்பிழை என்று தள்ளிவிடுவார்கள். முடிச்சு இருப்பதே அங்கேதான். இரண்டு தகவல்கள் முட்டிக்கொண்டால் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இரண்டும் உண்மையாக இருக்க உலகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ரடாகானும் மரிக்காவும் ஒரே ஆள் என்றால் இரண்டும் நிற்கும். சுத்தியலும் ஒத்துவரும்.

இப்போது விடையைப் பாருங்கள். தலைநகர் லெயிண்டெல்லில் ரடாகானின் சிலை ஒன்று உண்டு. அதன் எதிரே நின்று 'லா ஆஃப் ரிக்ரெஷன்' மந்திரத்தைப் போட்டால் சிலை மரிக்காவாக மாறும், ரடாகான்தான் மரிக்கா என்று எழுத்தும் தோன்றும். மந்திரத்துக்கு 37 இன்டெலிஜென்ஸ் புள்ளி வேண்டும். வாளை மட்டும் நம்பி வந்தவர்கள் இங்கே தலையைச் சொறிய வேண்டியதுதான்.

உங்கள் நோட்டில் எந்தக் குறிப்பு விடைக்கு வழிகாட்டியது, எது திசைதிருப்பியது என்று குறித்துவையுங்கள். சிவப்பு முடியைப் பிடித்துக்கொண்டு நான் இரண்டு நாள் அலைந்தேன்.

படி 2: யார் சொன்னது என்று பாருங்கள்

எல்லாக் குறிப்புக்கும் ஒரே எடை கிடையாது. நான் பார்க்கும் வரிசை இது. கண்ணெதிரே நடப்பது முதலில். பொருள்களின் விவரங்கள் அடுத்து. கதாபாத்திரங்கள் வாயால் சொல்வது கடைசியில். பொருள் விவரத்திலேயே 'என்று சொல்லப்படுகிறது' என்று வந்தால் அது வதந்தி. ஒரு படி இறக்குங்கள்.

ஆள் பேசினால் மூன்று கேள்விகள். இவனுக்கு இது எப்படித் தெரியும்? இதைச் சொல்வதில் இவனுக்கு என்ன லாபம்? இவனே ஏமாந்திருக்கலாமா?

எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரின் மாயிக்கைப் பாருங்கள். பட்டப்பெயரே 'பொய்யன்'. மொரோவிண்ட் (2002), ஒப்லிவியன் (2006), ஸ்கைரிம் (2011) மூன்றிலும் இதே பெயரில் ஒரு பூனைமுக மனிதன் சுற்றுகிறான். ஆனால் கதைப்படி ஒப்லிவியனுக்கும் ஸ்கைரிமுக்கும் நடுவே 200 ஆண்டுகள் ஓடிவிட்டன. சாவே இல்லாதவனா? ஸ்கைரிமில் அவனே விளக்கம் தருகிறான்: அப்பா பெயரும் மாயிக்தான், தாத்தா பெயரும் மாயிக்தான். கையோடு ஒரு வாலையும் ஒட்டுகிறான்: அப்பா அப்படித்தான் சொன்னார் என்று. பொய்யன், தன் அப்பா சொன்னதாகச் சொல்வது. இதன் மேல் கட்டும் வீடு எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: கிடைத்த இடத்தையும் எழுதுங்கள்

ஒரு மோதிரத்தின் விவரத்தைப் படிக்கிறோம், அது எந்தப் பிணத்தின் மேல் கிடந்தது என்பதை மறந்துவிடுகிறோம். பொருளை எடுக்கும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட். யார் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறார்கள், அருகில் உள்ள சிலை உடைந்திருக்கிறதா, பாதம் மட்டும் மிச்சமா. அவ்வளவு போதும்.

படி 4: ஒரே வாக்கியம், அதற்கு ஒரு எதிரி

ஊகத்தை ஒரே வாக்கியத்தில் எழுத முடியவில்லை என்றால் இன்னும் ஊகம் பிறக்கவில்லை, மனநிலைதான் இருக்கிறது. வாக்கியம் கிடைத்ததும் அதன் கீழே எழுதுங்கள்: 'இது தெரியவந்தால் விட்டுவிடுவேன்.'

விடை தெரியாத ஒன்றில் செய்து காட்டுகிறேன். எல்டன் ரிங்கில் நம்மோடு வரும் மெலினாவின் இடது கண் எப்போதும் மூடியே இருக்கும். அதே உலகில், கடவுள்களை வேட்டையாடிய கூட்டத்துக்குத் தலைவியாக 'குளோம்-ஐட் குவீன்' என்று ஒருத்தி இருந்திருக்கிறாள். ஜப்பானிய மூலத்திலும் அந்தி நிறக் கண்ணுடைய அரசி என்றுதான் பொருள். மரிக்காவின் காவல் மிருகமான மலிக்கெத்திடம் தோற்றாள் என்பதற்கு மேல் அவளைப் பற்றி அதிகம் சொல்லப்படுவதில்லை.

வாக்கியம்: மெலினாதான் அந்த அரசி.

ஆதரவு: எல்லாவற்றையும் எரித்தழிக்கும் வெறிநெருப்பின் பக்கம் நாம் போய்விட்டால், கடைசிக் காட்சியில் அவள் மூடிய கண்ணைத் திறக்கிறாள். மங்கிய அந்தி நிறம். நம்மைத் தேடிவந்து, கடவுள்களையும் கொல்லக்கூடிய 'விதிக்கப்பட்ட மரண'த்தைத் தருவேன் என்கிறாள். அந்த அரசியின் கூட்டத்தினர் வீசிய கருநெருப்புக்கு ஒருகாலத்தில் இருந்ததும் அந்த மரணத்தின் சக்திதான்.

எதிர்: எர்ட்ட்ரீ என்ற பெரிய பொன் மரத்தின் அடியில் பிறந்தேன், அங்கே அம்மா எனக்கு ஒரு கடமையைக் கொடுத்தாள் என்று அவளே சொல்கிறாள். கடவுள்களைக் கொன்று தோற்ற ஒருத்தியின் பேச்சாக இது தெரியவில்லை. கூடவே, 2024 ஜூனில் வந்த டி.எல்.சி.யில் (கேமோடு சேர்த்து ஆடும் கூடுதல் பகுதி), மரிக்காவின் மகன் மெஸ்மரைப் போலவே நெருப்பைத் தரிசனமாகக் கண்ட தங்கை ஒருத்தி உண்டு என்று ஒரு குறிப்பு வருகிறது. பெயர் இல்லை. எர்ட்ட்ரீயை எரிக்கத் தன்னையே விறகாகத் தரும் மெலினாவுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

இப்போது வாக்கியத்தைச் சுருக்குங்கள். 'மெலினாதான் அரசி' என்பதற்குப் பதில், 'மெலினாவின் கண்ணுக்கும் அந்த அரசிக்கும் தொடர்பு உண்டு.' இதை நான் தைரியமாகச் சொல்வேன். முதல் வாக்கியத்துக்கு இன்று கையெழுத்துப் போட மாட்டேன். இரண்டாவதில் பரபரப்பு குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை ஆசை எவ்வளவு சீக்கிரம் தாண்டிவிடுகிறது என்பது சோலேர் விஷயத்தில் எனக்கே தெரிந்ததுதானே.

படி 5: பெயரையும் கேம் கோப்புகளையும் தனிப் பக்கத்தில் வையுங்கள்

அண்டர்டேல் (2015) கேமில் டபிள்யூ. டி. காஸ்டர் என்றொருவர். சாதாரணமாக ஆடினால் கண்ணில் படவே மாட்டார். அரச விஞ்ஞானியாக இருந்தவர், ஒருநாள் காணாமல் போனார் என்று சாம்பல் நிறத்தில் அபூர்வமாகத் தோன்றும் சிலர் சொல்வார்கள். ஆட்டத்தின் தொடக்கத்தில் உங்கள் பெயரைக் கேட்கும் இடத்தில் காஸ்டர் என்று தட்டிப் பாருங்கள். கேம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எனக்கு நடுமுதுகில் குளிர்ந்தது.

அதில் வரும் எலும்புக்கூட்டுச் சகோதரர்கள் சான்ஸ், பாப்பிரஸ் இருவர் பெயரும் எழுத்துருப் பெயர்கள். காமிக் சான்ஸ், பாப்பிரஸ். டபிள்யூ. டி. காஸ்டரைப் பிரித்தால் விங்டிங்ஸ், ஆஸ்டர் என்ற இரண்டு எழுத்துருக்கள் எட்டிப்பார்க்கின்றன. ஆக, அவர் அந்தச் சகோதரர்களுக்கு உறவா? பெயரிடும் முறை ஒன்றாக இருப்பதால் படைத்தவர் மனதில் தொடர்பு இருந்திருக்கலாம் என்பது வரை சரி. அப்பா, அண்ணன் என்பதெல்லாம் நாம் போடும் கூடுதல் கூட்டல்.

கோப்புகளைக் கிண்டியவர்கள், சாதாரண ஆட்டத்தில் போகவே முடியாத ஓர் அறையில் 'பதிவு எண் பதினேழு' என்று தொடங்கும் விங்டிங்ஸ் குறிப்பையும் கண்டெடுத்தார்கள். இந்த மாதிரிச் சரக்கு ருசியானது, ஆபத்தானதும்கூட. கேமில் வேண்டுமென்றே ஒளித்ததா, கைவிட்ட யோசனையா என்பதை வெளியிலிருந்து பிரிப்பது கஷ்டம். அதனால் என் நோட்டில் கோப்புச் சான்றுக்குத் தனிப் பக்கம். அந்தப் பக்கத்தை மூடிவிட்டாலும் ஊகம் நின்றால்தான் அதை வெளியே சொல்வேன்.

படி 6: தோற்றதை அழிக்காதீர்கள்

ஹிடெடாகா மியாசாகி, டார்க் சோல்ஸ், எல்டன் ரிங் இரண்டின் இயக்குநர். சிறுவயதில் தன் படிப்புக்கு மீறிய புத்தகங்களைப் படித்து, புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆக, அவர் கேம்களில் நாம் பார்க்கும் ஓட்டைகளில் பல அவரே விட்டுவைத்தவை. நிரப்புங்கள், தாராளமாக. நிரப்பியதை எந்த மையில் எழுதினீர்கள் என்று மட்டும் நினைவில் இருக்கட்டும். நான் கேம் சொன்னதை நீலத்திலும் நான் நிரப்பியதைப் பென்சிலிலும் எழுதுகிறேன்.

அடுத்த பாகமோ டி.எல்.சி.யோ வந்து ஊகம் உடைந்தால், பக்கத்தைக் கிழிக்காமல் ஒரு கோடு மட்டும் போடுங்கள். தேதியும் போடுங்கள். என் சோலேர் பக்கத்தில் குறுக்கே நீளமாக ஒரு கோடு இருக்கிறது. அதற்குக் கீழே, போன வாரம் எழுதிய புதிய கேள்வி, பென்சிலில்: அந்தச் சூரியனை அவனே வரைந்தான் என்றால், அதை முதலில் எங்கே பார்த்தான்?