குதிரை லத்தியை மாட்டுச் சாணம் என்று நினைத்துக் கொட்டாதீர்கள்

'ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்' என்பார்கள் ஊரில். அதில் குதிரைக்கு இடமில்லை. நம் தொழுவங்களில் குதிரை நின்றதில்லை, அதனால் பழமொழியும் இல்லை. பெங்களூருக்குக் குடிவந்த பிறகுதான் எனக்கு இந்தச் சங்கடம் வந்தது. பந்தயக் குதிரை, சவாரிப் பள்ளிக் குதிரை என்று இங்கே பஞ்சமே கிடையாது. ஒரு குதிரை நாளுக்கு 20 கிலோவுக்கு மேல் லத்தி போடும். லாயத்துக்காரர்களுக்கு அதை யாராவது அள்ளிக்கொண்டு போனால் போதும். அல்சூரில் மொட்டைமாடித் தோட்டம் போட்டவரிலிருந்து ஆனேக்கல் பக்கம் அரை ஏக்கர் வாங்கிப் போட்டவர் வரை அள்ளுகிறார்கள். நானும் பதினைந்து மூட்டை அள்ளி வந்து தக்காளிக்குப் போட்டேன்.

இருபது நாளில் அடியிலைகள் வெளுத்தன, செடி வளரவே இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் வந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். லத்தி பறந்துபோய், பொன்னிறச் சீவல்தான் கையில் நின்றது. "இது கொப்பர அல்ல, மரத ஹொட்டு" என்றார். உரமில்லை, மரத்தூள்.

லத்தி என்று சொல்லிக்கொண்டு படுக்கையை வாங்கி வருவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. குதிரை படுக்க வைக்கோல், உமி, மரச்சீவல் என்று எதையாவது பரப்பியிருப்பார்கள். லத்தி மட்டும் என்றால் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 25க்கு 1. மக்குவதற்கு இது நல்ல கணக்கு. மரத்தூளிலோ அது 300ஐத் தாண்டும். அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள், தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, மண்ணிலிருந்து முதலில் உறிஞ்சிக்கொள்ளும். செடிக்கு இலை போட்டு உட்கார வைத்துவிட்டுச் சோற்றைப் பக்கத்து வரிசைக்குப் பரிமாறின கதைதான். அதனால் லாயத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'கீழே என்ன பரப்புகிறீர்கள்?' என்பது. மரச்சீவல் என்றால் அதோடு கோழி எருவோ கிளைரிசிடியா என்ற தழையுர மரத்தின் இலையோ கலந்து, குறைந்தது ஆறு மாதம் மக்க விடுங்கள். வைக்கோல் என்றால் பாதிக் கவலை குறைந்தது.

அடுத்தது, பச்சையாகவே போடுவது. மாடு அசைபோடும், குதிரை அசைபோடாது. அதன் வயிற்றைத் தாண்டி நிறைய விதை உயிரோடு வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவரின் ரோஜாப் பாத்தியில் பத்தே நாளில் ஓட்ஸ் பயிர் தளதளவென்று வந்தது. ஓட்ஸ் என்றால் சிரித்துவிட்டுப் பிடுங்கலாம், பார்த்தீனியம் என்றால் அழ வேண்டியதுதான். குவியலின் உள்ளே சூடு 55 டிகிரியைத் தாண்டினால்தான் விதைகள் சாகும். மூன்றடி உயரமாவது குவித்து, பிழிந்தால் ஒரு துளி சொட்டும் அளவுக்கு ஈரம் வைத்து, வெளியே இருப்பது உள்ளே போகும்படி நாலைந்து தடவை புரட்டிப் போடுங்கள். இரும்புக் கம்பி ஒன்றைச் செருகி வைத்து, கால் மணி கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியாமல் சுட்டால் சரி, வெதுவெதுப்பு போதாது.

இங்கே ஒரு வேடிக்கை. கம்போஸ்ட் தயாரிப்பில் 'பெங்களூர் முறை' என்றே ஒன்று உண்டு. 1939ல் இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் உருவானது. குழியில் அடுக்கி மண் பூசி மூடிவிட்டால் புரட்டும் வேலையே இல்லை. ஊர்க்குப்பைக்கு அருமையான முறைதான். ஆனால் குழியோரத்தில் போதுமான சூடு ஏறாது, விதை பிழைத்துக்கொள்ளும். பெங்களூர்க் குதிரைக்குப் பெங்களூர் முறை ஒத்துவராது என்பது என் கட்சி.

சூட்டையே விரும்பிக் கேட்ட ஊர்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸைச் சுற்றிக் காய்கறி பயிரிட்டவர்கள், வண்டிக் குதிரைகளின் பச்சை லத்தியைப் பாத்திக்கு அடியில் கனமாகப் பரப்பி, அந்தச் சூட்டில் குளிர்காலத்திலேயே நாற்று வளர்த்தார்கள். இதைக் காட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஏப்ரல் மாதப் பெங்களூரில் அதைச் செய்தால் வேர் வெந்துபோகும். இங்கிலாந்தில் இலையுதிர் காலத்தில் கெட்டியாகப் பரப்பிவிட்டு வசந்தம் வரை மறந்துவிடுகிறார்கள். குளிரில் அது மெதுவாக மக்கும். இங்கே அந்த உறைகுளிர் கிடையாது, வருஷம் முழுக்க மக்கிக்கொண்டே இருக்கும். நம் செம்மண்ணில் தண்ணீர் சட்டென்று இறங்கும், செப்டம்பர் மழையில் சத்தும் கூடவே இறங்கிவிடும். அதனால் மக்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாக, பயிருக்குப் பயிர் போடுவதுதான் செம்மண்ணுக்குச் சரி. குவியலையும் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) மழையோடு போய்விடும். கோவில்பட்டிக் கரிசல்காரர் கணக்கு வேறு. அந்த மண் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அடிக்கடி போட வேண்டியதில்லை. ஆனால் பாசன நீர் உப்பாக இருந்தால், குதிரை மூத்திரம் ஊறிய எரு உப்பை இன்னும் கூட்டும்.

கீரைப் பாத்திக்குப் பச்சை லத்தி கூடவே கூடாது. அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி, மண்ணில் படும் விளைச்சலுக்குப் பச்சை எரு போட்டு 120 நாள் கழித்துத்தான் அறுவடை. நம் அரைக்கீரை ஒரு மாதத்திலேயே குழம்புக்கு வந்துவிடுகிறது. அப்புறம், டெட்டனஸ் கிருமியின் வித்துகள் குதிரைக் குடலில் சாதாரணமாக இருப்பவை. கையில் வெட்டுக்காயத்தோடு அள்ளாதீர்கள், தடுப்பூசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வைக்கோலோடு வரும் களைக்கொல்லி. 2008ல் பிரிட்டனில் அமினோபைராலிட் என்ற மருந்து தெளித்த புல்லைத் தின்ற கால்நடைகளின் எருவால் தக்காளியும் பீன்ஸும் சுருண்டன. சில களைக்கொல்லிகள் வயிற்றைத் தாண்டியும் சாவதில்லை. புது லாயத்திலிருந்து வாங்கும்போது நான் ஒரு சட்டியில் மக்கிய லத்தியும் மண்ணும் கலந்து நாலு பீன்ஸ் விதை ஊன்றி மூன்று வாரம் பார்ப்பேன். அடியிலை மட்டும் வெளுத்தால் மரத்தூள் வேலை, இன்னும் மக்க விடலாம். கொழுந்து பெரணி இலைபோலச் சுருண்டால் மற்ற மூட்டைகளைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.