வயதானால் தோல் வறட்சி: எண்ணெய் எப்போது பூச வேண்டும்?

முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் மேல் நகத்தால் லேசாக ஒரு கோடு போடுங்கள். கோடு வெள்ளையாக அப்படியே நின்று, ஓரத்தில் செதில் உதிர்ந்தால் தோல் வறண்டிருக்கிறது. வயது ஏற ஏற எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவாகச் சுரக்கும். ஈரத்தைப் பிடித்து வைக்கும் சக்தியும் மேல்தோலுக்குக் குறையும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது கூடுதலாகவே தெரியும்.

"வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துத்தானே குளிக்கிறேன்?" என்று எங்கள் காரைக்குடிப் பக்கத்து ஆச்சிமார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எண்ணெய் தேய்த்த உடம்பில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றி, சீயக்காய் போட்டு அழுத்தித் தேய்த்தால், பூசிய எண்ணெயோடு தோலின் சொந்த எண்ணெயும் சேர்ந்தே போய்விடும். எண்ணெய்க் குளியலை விட வேண்டியதில்லை. குளித்த பிறகும் பூச வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: தண்ணீர்

வெந்நீரை நன்றாக விளாவிக்கொள்ளுங்கள். முழங்கையை நனைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. 5 முதல் 10 நிமிடத்துக்குள் குளித்து முடியுங்கள்.

படி 2: சோப்பு

அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போதும். கை கால்களுக்கு வெறும் தண்ணீரே போதும். சாதாரண சோப்பு காரத்தன்மை உடையது, தோலோ லேசான அமிலத்தன்மை உடையது. அதனால்தான் சோப்பு போட்டதும் தோல் இழுத்துப் பிடிக்கிறது. சீயக்காய் தலையோடு நிற்கட்டும். பீர்க்கங்கூட்டை எடுத்து வைத்துவிடுங்கள்.

படி 3: ஈரத்தோடு பூசுதல்

முக்கியமான வேலை இதுதான். துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். தோலில் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்க வேண்டும். குளித்த 3 நிமிடத்துக்குள் பூசிவிடுங்கள். கிரீமோ எண்ணெயோ செய்வது அந்த ஈரத்தை மூடி வைப்பதுதான். காய்ந்த தோலில் எவ்வளவு பூசினாலும் பிடித்து வைக்க அங்கே ஈரம் இருக்காது.

வாசனை இல்லாத, கிளிசரின் கலந்த கிரீம் நல்லது. பாதத்துக்கும் வெடித்த குதிகாலுக்கும் 10 சதவீத யூரியா கிரீம் நன்றாகக் கேட்கும், ஆனால் புண் இருந்தால் எரியும். செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெயும், வாசலினும் செலவு குறைந்த நல்ல வழிகள். ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கணு வரை பிதுக்கிய கிரீம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு வரும். முடி வளரும் போக்கிலேயே மேலிருந்து கீழாகத் தடவுங்கள், தேய்க்க வேண்டாம். படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை.

பாதத்தில் பூசியதும் உடனே எழுந்து நடக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை கண்ணாடியாய் வழுக்கும். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் தேறி வருவது பெரும்பாடு. உட்கார்ந்தபடியே பூசி, பருத்திக் காலுறை போட்டு, அதன் மேல் வழுக்காத செருப்பு மாட்டிக்கொண்டு எழுந்திருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் கால்விரல் இடுக்குகளில் பூசக் கூடாது, அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். வாசலின் ஊறிய சேலை எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு, விளக்குப் பக்கம் கவனம் வேண்டும்.

படி 4: எப்போது டாக்டர்?

இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தும் அரிப்பு அடங்கவில்லையா? கால் தோல் கோடையில் வற்றிய கண்மாய்த் தரை மாதிரி பாளம் பாளமாக வெடித்துச் சிவந்திருக்கிறதா? காட்டிவிடுங்கள். தடிப்பே இல்லாமல் உடம்பு முழுக்க அரித்தால் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பரிசோதிக்கச் சொல்வார்கள். சிறுநீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகளாலும் தோல் வறளலாம். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம், சாப்பிடும் எல்லாவற்றையும் சீட்டோடு எடுத்துப் போங்கள்.

மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு டியூப் கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்ததைக் கொடுத்துவிட்டால் அரிப்பு அன்றே அடங்கும். மாதக்கணக்கில் பூசினால், ஏற்கெனவே மெலிந்த தோல் இன்னும் மெலிந்து, தொட்டாலே கன்றிப்போகும். டாக்டர் எழுதிக் கொடுத்தால், அவர் சொன்ன நாள் வரை மட்டும் பூசுங்கள்.