வெள்ளம் புகுந்த வீடு: காப்பீட்டுப் பணத்தில் பழுதுபார்ப்பது எப்படி?

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில், வேளச்சேரியில் இருக்கும் என் அக்கா வீட்டுத் தரைத்தளத்தில் இரண்டே முக்கால் அடி தண்ணீர் நின்றது. நான் கட்டடப் பொறியாளன் என்பதால் பழுதுபார்க்கும் பொறுப்பை அக்கா என்னிடம் கொடுத்துவிட்டார். வீடு கட்டுவது எனக்குத் தெரிந்த தொழில். ஆனால் செய்யும் வேலை ஒவ்வொன்றுக்கும் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும்படி கணக்கு வைப்பதை அந்த மூன்று மாதங்களில்தான் கற்றுக்கொண்டேன்.

அக்காவிடம் இருந்தது பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி. 2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எல்லா நிறுவனங்களும் ஒரே விதிகளுடன் விற்கும் வீட்டுக் காப்பீடு இது. உங்களுடையதும் அதுவானால் கீழே உள்ளவை பெரும்பாலும் பொருந்தும்.

1. கழுவுவதற்கு முன் படம்

மெயின் சுவிட்சை அணையுங்கள். எலக்ட்ரீஷியன் மெகர் (வயரிங்கில் மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) வைத்துச் சோதித்துச் சொல்லும்வரை அதைத் தொடாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, இழப்பீட்டுக் கோரிக்கை எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சேறு கழுவும் முன் ஒவ்வொரு சுவரிலும் தண்ணீர் ஏறிய கறைக்கோட்டைப் படம் எடுங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் அளவு நாடாவைத் தரையிலிருந்து நிமிர்த்திப் பிடித்தால், உயரம் படத்திலேயே பதிந்துவிடும். ஊறிப்போன ஒட்டுப்பலகை, கதவு, மெத்தை எதையும், சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை குப்பைக்கு அனுப்பாதீர்கள். நாற்றம் தாங்காவிட்டால் மாடியில் போட்டு வையுங்கள்.

2. நான் சறுக்கிய இடம்

எங்கள் மேஸ்திரி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மொத்தமாக 4,60,000 ரூபாய்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். நானும் அதை அப்படியே சர்வேயரிடம் நீட்டினேன். அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோபம் வந்தது. ஆனால் அவர் செய்தது சரிதான். அந்த ஒற்றை வரிக்குள் வெள்ளம் கெடுத்ததும், அக்கா நீண்ட நாளாக ஆசைப்பட்ட கிரானைட் தரையும், வாசல்படியை உயர்த்தும் வேலையும் கலந்து கிடந்தன. சேதத்துக்கு முன் வீடு எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுவரும் செலவைத்தான் பாலிசி தரும். அதைவிட மேலானதாக மாற்றும் செலவை நாம்தான் ஏற்க வேண்டும்.

அறை அறையாக அளந்து, இரண்டு தாள்களில் பிரித்து எழுதினேன். வெள்ளச் சேதம் 3,35,000 ரூபாய், எங்கள் விருப்ப வேலை 1,25,000 ரூபாய். ஒவ்வொரு வரியிலும் எந்தச் சுவர், நீளம், உயரம், சதுர அடி, வேலையின் பெயர், விலை என்று இருக்க வேண்டும். "கூடம், வடக்குச் சுவர், 14 அடிக்கு 4 அடி, 56 சதுர அடி, பழைய பூச்சைக் கொத்தி எடுத்து மறுபூச்சு" என்று எழுதியிருந்தால், சர்வேயர் அதை நேரில் சரிபார்த்துவிடலாம்.

இதற்கு நான் நம்புவது சாதாரண எஃகு நாடாவைத்தான். லேசர் கருவி விரைவானது என்றாலும், அது காட்டும் எண்ணைப் படத்தில் சுவரோடு சேர்த்துக் காட்ட முடியாது.

அடுத்த சிக்கல் அந்த 4 அடியில் வந்தது. கறைக்கோடு இரண்டே முக்கால் அடியில்தானே இருக்கிறது, பூச்சு ஏன் 4 அடி என்று சர்வேயர் கேட்டார். செங்கல் சுவர் தண்ணீரை மேலே இழுக்கும் என்று வாயால் சொன்னதில் பயனில்லை. ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளைக் கறைக்கோட்டுக்கு மேலே வைத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டினேன். மறுநாள் தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. அதைப் படம் எடுத்துக் காட்டிய பிறகு 4 அடியையும் ஏற்றுக்கொண்டார். ஈரம் அளக்கும் கருவி வாங்கலாமா என்று நினைப்பவர்களுக்கு: சுவரில் உப்பு இருந்தால், ஊசி குத்தி அளக்கும் கருவி இல்லாத ஈரத்தையும் காட்டும். எனக்குப் பாலித்தீனே போதும்.

சுவரோடு பொருத்திய சமையலறை அலமாரியைக் கட்டடக் கணக்கில் எழுதுங்கள். கட்டில், பிரிட்ஜ் போன்றவை பொருட்கள் கணக்கில் வரும். பொருட்களுக்குக் கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தானாகவே உண்டு. இடிபாடு அகற்றும் செலவுக்கு இழப்பீட்டில் 2 சதவீதம் வரையும், பொறியாளர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் கேட்கலாம். பலர் இவ்விரண்டையும் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள்.

3. காயவிடுங்கள்

பொங்கலுக்குள் வெள்ளையடித்துவிட வேண்டும் என்று அக்கா தவித்தார். நான் மறுத்துவிட்டேன், அதற்காக இன்றுவரை வருந்தவில்லை. ஈரச் சுவரில் பூசிப் பெயின்ட் அடித்தால் உப்புப் பூத்து உரிந்துவிடும். இரண்டாம் முறை அடிப்பதற்கு எந்த நிறுவனமும் பணம் தராது. பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் தெரிய விட்டு, சன்னல்களைத் திறந்து, மின்விசிறி ஓடவிட்டோம். பாலித்தீன் சோதனையில் தாள் காய்ந்தபடியே நிற்க ஆறு வாரம் ஆனது. கீழ் நான்கு அடிக்குப் பட்டி (பெயின்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கும் பூச்சு) பார்க்கவே விடவில்லை. சிமெண்ட் பெயின்ட் மட்டும் அடித்தோம்.

4. வேலையும் பணமும்

சர்வேயர் அறிக்கை எந்த வரியை ஏற்றது, எதைக் குறைத்தது என்று பார்த்தபிறகே மேஸ்திரிக்கு வேலையைக் கொடுங்கள். அதே வரிசையில் பில் வாங்குங்கள். விருப்ப வேலைகளுக்குத் தனி பில். கொத்தி எடுக்கும்போது உள்ளே புதிதாகச் சேதம் தெரிந்தால் அங்கேயே வேலையை நிறுத்தி, படத்தோடு சர்வேயருக்கு எழுதுங்கள். எங்களுக்குக் குளியலறைக் கதவு நிலையின் அடிப்பாகம் உளுத்துப்போனது அப்படித்தான் கணக்கில் ஏறியது. மூடிய பிறகு கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், அனுமதியான தொகை தன் கணக்குக்கு வராமல் வீட்டுக்கடன் கொடுத்த வங்கிக்குப் போய்விட்டது என்று எழுதியிருந்தார். அக்கா வீட்டில் கடன் இல்லாததால் எனக்கு இது தோன்றவே இல்லை. பாலிசியில் வங்கியின் பெயர் இருந்தால், தொகையைப் பழுதுபார்க்க விடுவிப்பதாக முதல் வாரத்திலேயே வங்கியிடம் கடிதம் கேளுங்கள். மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்கும் தேதியை அந்தக் கடிதம் கைக்கு வந்தபிறகு முடிவு செய்யுங்கள்.