லினக்ஸ் லேப்டாப்பில் எழுத்து பொடியாகத் தெரிகிறதா?

அதற்காக ரெசல்யூஷனை, அதாவது திரையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். 1920×1080 அப்படியே இருக்கட்டும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் செட்டிங்ஸ், அக்செஸிபிலிட்டி போய் 'லார்ஜ் டெக்ஸ்ட்' ஆன் செய்யுங்கள். எழுத்து மட்டும் 1.25 மடங்காகும். 1.1, 1.15 என்று அளவாக வேண்டுமென்றால் 'ட்வீக்ஸ்' என்ற செயலியை நிறுவி, ஃபாண்ட்ஸ் பகுதியில் ஸ்கேலிங் ஃபேக்டரை மாற்றலாம். எனக்கு 1.15 போதும்.

எல்சிடி திரையின் புள்ளிகள் கூடவோ குறையவோ செய்யாது. 1366×768 வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய 1.4 புள்ளிக்கு இழுபட்டு எழுத்து மங்கும். ஆங்கிலம் ஒருவாறு தப்பிக்கும். நம் புள்ளியெழுத்தும் ண, ன சுழிகளும்தான் முதலில் அடிவாங்கும். கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வாளையார் பக்கம் தமிழும் மலையாளமும் மாறி மாறிப் படிப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும். மலையாளக் கூட்டெழுத்து மங்கினால் ஊகித்துத்தான் படிக்க வேண்டும். கேரளப் பள்ளிகளின் கைட் லினக்ஸும் உபுண்டு வழி வந்ததே, பிள்ளைகளின் லேப்டாப்பிலும் செய்து பார்க்கலாம்.

ஜாவாவில் எழுதிய சில பழைய மென்பொருள்கள் இந்த எழுத்தளவு மாற்றத்தைக் கண்டுகொள்ளாது. 4கே திரைக்கு இது பற்றாது, டிஸ்ப்ளே பகுதியில் ஸ்கேலை 200 சதவீதம் வையுங்கள். பழைய புரொஜெக்டரில் இணைக்கும்போது மட்டும் ரெசல்யூஷனைக் குறைக்கத்தான் வேண்டியிருக்கும்.