கற்பனை மலைத்தொடரை உருவாக்குவது எப்படி? காற்றில் தொடங்குங்கள், டிராகன் கடைசியில்

மாயாஜாலக் கதை எழுத உட்காருகிறவர்களில் பலர் முதலில் யோசிப்பது டிராகனைத்தான். அப்புறம் அது தங்க ஒரு குகை, குகைக்கு ஒரு மலை, மலையடியில் ஓர் ஊர். இந்த வரிசையில் போனால் மலை ஒரு நாடகத் திரைச்சீலையாகவே நின்றுவிடும். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று முடிவு செய்துவிட்டால் மழை, ஆறு, காடு, ஆடு, ஆட்டைத் தின்னும் டிராகன் என்று ஒவ்வொன்றாகத் தானே வந்து சேரும்.

தேவையானவை ஒரு வெள்ளைத் தாள், பென்சில், ரப்பர். வரைபட மென்பொருள் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். எடுத்துக்காட்டுக்காக நானே ஒரு தொடரைக் கட்டிக்கொண்டு வருகிறேன். அதன் பெயர் வெண்கோட்டுத் தொடர்.

படி 1: மலை ஏன் அங்கே நிற்கிறது?

இதற்கு நிலவியல் பட்டம் தேவையில்லை. மூன்று மாதிரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இரண்டு கண்டத்தட்டுகள் மோதினால் இமயமலை. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு ஆசியாவில் முட்டத் தொடங்கியது. பழைய கடல் தரை மேலே தள்ளப்பட்டதால் எவரெஸ்ட் உச்சியின் சுண்ணாம்புப் பாறையிலேயே கடல் உயிர்களின் எச்சங்கள் இருக்கின்றன. கடல் தட்டு கண்டத்துக்கு அடியில் செருகிக்கொண்டு போனால் ஆண்டிஸ். கடற்கரையை ஒட்டி ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் நீளம், நெடுக எரிமலைகள், நிலநடுக்கம். ஒரு பீடபூமியின் விளிம்பு கோடிக்கணக்கான ஆண்டுகள் அரிக்கப்பட்டு நின்றால் மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் உயர்ந்த சிகரமான ஆனைமுடிகூட 2,695 மீட்டர்தான். மேற்கே செங்குத்துச் சரிவு, கிழக்கே மெல்லத் தாழும் நிலம்.

வெண்கோட்டுக்கு நான் ஆண்டிஸ் மாதிரியை எடுத்துக்கொள்கிறேன். மேற்கே கடல், வடக்கு தெற்காக 900 கிலோமீட்டர் நீளம், அதிகபட்ச உயரம் 5,400 மீட்டர். எரிமலை இருப்பதால் வெந்நீர் ஊற்றும் வளமான மண்ணும் கேட்காமலே கிடைத்துவிட்டன.

படி 2: காற்றுக்கு ஓர் அம்பு

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். கடலிலிருந்து மலையை நோக்கி ஓர் அம்பு வரையுங்கள். ஈரக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடும். மறுபக்கம் இறங்கும்போது அது வறண்ட காற்று. அந்தப் பக்கம்தான் மழை மறைவுப் பிரதேசம்.

நமக்கு இதற்கு உதாரணம் தேட வேண்டியதே இல்லை. ஜூன், ஜூலையில் வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறு நாள் முழுக்க நனைந்துகொண்டிருக்கும். அதே வாரத்தில் தாராபுரம் பக்கம் போனால் காற்றாலைகள் சுற்றும், வானம் மூடியிருக்கும், மழை மட்டும் இருக்காது.

ஆகவே வெண்கோட்டின் மேற்குச் சரிவு அடர்ந்த மழைக்காடு. அட்டை, பாசி, மூங்கில், நாலு மாதம் வெயில் தெரியாத ஊர்கள். கிழக்கே முட்புதர், புல்வெளி, ஆடு மாடு மேய்க்கும் மக்கள். மேற்கே இருப்பவன் கூரையைப் பற்றிக் கவலைப்படுவான், கிழக்கே இருப்பவன் கிணற்றைப் பற்றி. இரண்டு நாடுகளுக்கு நடுவே ஏன் பகை என்று தனியாக யோசிக்க வேண்டிய வேலையும் இதில் மிச்சம்.

படி 3: உயரத்துக்கு வெப்பநிலை

1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். இந்த ஒரு கணக்கு போதும். வெண்கோட்டின் அடிவாரத்தில், கடல் மட்டத்தில், 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 2,000 மீட்டரில் 17 டிகிரி. 4,000 மீட்டரில் 4. 4,600-ஐத் தாண்டும்போது பூஜ்யம்.

இப்போது மலையின் குறுக்குவெட்டைப் பக்கவாட்டில் வரைந்து கோடுகள் போடுங்கள். 1,500 மீட்டர் வரை மழைக்காடு. அதற்கு மேல் 3,500 வரை குட்டையான, பாசி படர்ந்த மேகக்காடு. அப்புறம் மரம் நிற்காது, புல்தான். 4,800-க்கு மேல் நிரந்தரப் பனி. இது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள மலைக்கான கணக்கு. உங்கள் மலை வடக்கே தள்ளி இருந்தால் எல்லாக் கோடுகளையும் கீழே இறக்குங்கள். கிழக்குச் சரிவுக்கும் தனியாகக் கோடு போட வேண்டும். அங்கே அடிவாரமே முட்காடு, மரங்கள் நடு உயரத்தில் மட்டும் ஒரு பட்டையாக நிற்கும்.

காற்றின் அழுத்தத்தையும் மறக்காதீர்கள். 5,500 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. உங்கள் நாயகன் சமவெளியிலிருந்து ஒரே நாளில் உச்சிக்கு ஓடி வாள்சண்டை போட்டால், நியாயப்படி அவன் தலைவலியோடு வாந்தி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

படி 4: ஆறுகளும் கணவாயும்

கற்பனை வரைபடங்களில் அதிகம் தப்பாகிற இடம் ஆறு. ஆறுகள் கீழே போகப் போக ஒன்றோடொன்று சேரும். முகத்துவாரத்தை நெருங்கும் வரை பொதுவாகப் பிரியாது. ஓர் ஏரியிலிருந்து இரண்டு ஆறுகள் இரண்டு கடலுக்குக் கிளம்புவது மிக அரிது.

ஆனால் ஆறு பக்கத்திலுள்ள கடலுக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காவிரி பிறக்கும் தலைக்காவிரி அரபிக்கடலுக்குப் பக்கம். நிலம் கிழக்கே சாய்ந்திருப்பதால் அது வங்காள விரிகுடா வரை நடக்கிறது. சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா மூன்றும் இமயமலைக்குப் பின்னால் பிறந்து மலையையே அறுத்துக்கொண்டு வெளியே வருகின்றன. மலை எழும்புவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் அவை. இப்படி ஓர் ஆற்றை உங்கள் தொடரில் ஓடவிட்டால் ஆழமான ஒரு பள்ளத்தாக்கு கிடைக்கும். கோட்டை கட்ட அதைவிட நல்ல இடம் இல்லை.

கணவாய் ஒன்றே ஒன்று போதும். பாலக்காட்டுக் கணவாயை நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் 30 கிலோமீட்டர் அகல இடைவெளி. சாலை, ரயில், காற்று எல்லாம் அது வழியேதான். அது மனிதர்களைச் சேர்த்தாலும் மலை உச்சியில் வாழும் சிற்றுயிர்களைப் பிரித்துவிடுகிறது. வடக்கே நீலகிரியில் நீலகிரி சிரிப்பான், தெற்கே பழனி சிரிப்பான் என்று இரண்டு பறவை இனங்கள் தனித்தனியாக இருக்கின்றன. குளிர்ந்த சோலையில் வாழ்கிற பறவைக்குச் சூடான தாழ்நிலம் கடல் மாதிரி. எனவே உங்கள் கணவாய்க்கு வடக்கே ஒரு நிறத்திலும் தெற்கே இன்னொரு நிறத்திலும் ஒரே மாதிரியான விலங்கு இருக்கட்டும்.

படி 5: முதலில் புல், அப்புறம் ஆடு

சங்கக் கவிதையின் திணை மரபில் ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருள் என்று ஒரு பட்டியல் உண்டு. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் என்று போகும். குறிஞ்சிக்குத் தினையும் தேனும், வேங்கை மரமும் கிளியும், யானையும் புலியும். உலகம் படைக்கிறவருக்கு இதைவிட வசதியான படிவம் கிடைக்காது. படி 3-இல் போட்ட ஒவ்வொரு பட்டைக்கும் இந்தப் படிவத்தை நிரப்புங்கள்.

வெண்கோட்டின் புல்வெளிப் பட்டைக்கு நான் நிரப்பியது: கம்பளி போன்ற இலையுள்ள செடிகள், பாறையில் தாவும் சுருள்கொம்பு ஆடு, குளிர்காலத்துக்குப் புல்லை வெட்டிக் காயவைத்துச் சேமிக்கும், முயலுக்கு உறவான சின்ன விலங்கு. கடைசியாகச் சொன்னது கற்பனை அல்ல. இமயமலையிலும் வட அமெரிக்க மலைகளிலும் வாழும் பைக்காக்களில் பல இனங்கள் இதைத்தான் செய்கின்றன. குளிரில் வாழும் விலங்குக்குக் காது சிறிதாகவும் உடல் உருண்டையாகவும் இருக்கட்டும். வெப்பம் வீணாகாது.

படி 6: இப்போது டிராகன்

ஒரே கேள்விதான்: சாப்பாட்டுக்கு என்ன செய்யும்?

ஊனுண்ணிப் பாலூட்டிகளுக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு ஒன்று இருக்கிறது. 10,000 கிலோ இரை விலங்குகள் உள்ள இடத்தில் ஓர் ஊனுண்ணி இனம் சுமார் 90 கிலோ அளவுக்கு வாழ முடியும். உங்கள் டிராகன் 3 டன் எடையும் சூடான ரத்தமும் கொண்டது என்றால் அது ஒன்றுக்கே 333 டன் இரை வேண்டும். 50 கிலோ ஆடாகப் பார்த்தால் கிட்டத்தட்ட 6,700 ஆடுகள். ஒரு குடும்பமே இருந்தால் மலையில் புல் மிஞ்சாது. குளிர் ரத்தமாக்கினால் தீனி வெகுவாகக் குறையும். கொமோடோ டிராகன் பெரிய இரை ஒன்றை விழுங்கிவிட்டு வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். ஆனால் குளிர் ரத்த விலங்கு 4,000 மீட்டரில் விறைத்துப்போகும். அதை அடிவாரத்துக்கு இறக்க வேண்டும், அல்லது எரிமலைச் சூட்டில் படுக்க வைக்க வேண்டும். படி 1-இல் எடுத்த எரிமலை இங்கே உதவுகிறது.

பறக்கும் என்றால் எடை இன்னும் பெரிய தலைவலி. பறந்த உயிர்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றான, டைனோசர் காலத்து ஊர்வனமான குவெட்சால்கோட்லஸின் இறக்கை விரிப்பு சுமார் 10 மீட்டர். ஆனாலும் எடை 250 கிலோவைத் தாண்டியிருக்காது என்பதே பெரும்பாலான கணிப்பு.

அதனால் நான் டிராகனைச் சுருக்கிவிட்டேன். வெண்கோட்டில் இருப்பது 15 கிலோ எடையுள்ள, இறகு முளைத்த என்புதின்னி. பனிச்சரிவில் விழுந்து சாகும் ஆடுகளின் எலும்புதான் அதன் உணவு. தாடிக்கழுகு பெரிய எலும்புகளை உயரத்திலிருந்து பாறையில் போட்டு உடைத்துத் தின்பதைப் பார்த்துச் செய்தது. எலும்பு விழும் சத்தம் கேட்டால் அந்தப் பக்கத்து மேய்ப்பர்கள் தலையை மூடிக்கொண்டு ஓடுவார்கள்.

பெரிய டிராகன்தான் வேண்டும் என்றால் தாராளமாக வையுங்கள். மந்திரம் இருக்கிறதே! ஆனால் எதை மந்திரத்துக்கு விடுகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: நாட்காட்டியில் ஒரு கெட்ட ஆண்டு

மலை எல்லா ஆண்டும் ஒரே மாதிரி இருக்காது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும், 2006-இலும் 2018-இலும் பூத்தது. மிசோரமில் ஒரு மூங்கில் சுமார் 48 ஆண்டுக்கு ஒருமுறை பூத்துக் காய்க்கும். அந்தக் காயைத் தின்று எலிகள் பெருகி, காய் தீர்ந்ததும் வயலில் இறங்கும். 1959-இல் அது பஞ்சமாகவே முடிந்தது. மேற்குச் சரிவில் மூங்கில் இருக்கிறது என்று படி 2-இல் சொன்னேன் அல்லவா? உங்கள் கதையை அது பூக்கும் ஆண்டில் தொடங்கலாம்.

படி 8: பெயரும் சோதனையும்

பெயரைக் கடைசியில் வையுங்கள், அதையும் அங்கே வாழ்கிறவர்கள் வாயால். மேற்கே அதே மலைக்கு முகில்தங்கி, கிழக்கே மழைமறிச்சான். வெண்கோடு என்பது தூரத்து அரண்மனைப் புலவர்கள் வைத்தது.

கடைசியாக, ஓர் உப்பு வியாபாரியை மேற்குக் கடற்கரையிலிருந்து கிழக்குச் சமவெளிக்குக் கழுதையோடு அனுப்புங்கள். ஒவ்வொரு இரவும் எங்கே தங்கினான், எதை எரித்தான், என்ன தின்றான், எதன் சத்தத்துக்குப் பயந்தான் என்று இரண்டு இரண்டு வரி எழுதுங்கள். பேனா எங்கே நிற்கிறதோ அந்த உயரத்தின் பட்டைக்குத் திரும்பிப் போய்ப் படிவத்தை மறுபடி நிரப்புங்கள். மையால் வரைவது அதற்கு அப்புறம்.