பதிவுத் திருமணம் செய்யாத இணையர் பிரிந்தால் வீடு யாருக்கு? சிங்கப்பூரில் படிப்படியாகச் செய்ய வேண்டியவை

நிச்சயித்த திருமணம் நின்றுபோனாலோ, சில ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த இருவர் பிரிந்தாலோ, வருத்தம் ஆறுவதற்குள் வீட்டைப் பற்றிய கேள்வி வந்து நிற்கிறது. கணவன் மனைவியின் சொத்தை, பிள்ளை வளர்ப்பையும் வீட்டு வேலையையும்கூடப் பங்களிப்பாகக் கருதி நியாயமாகப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரத்தை மாதர் சாசனம் என்ற திருமண, குடும்பச் சட்டம் நீதிமன்றத்துக்கு அளித்துள்ளது. பத்தாண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்திருந்தாலும், திருமணம் செய்யாதவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

முதல் படி: சட்டத்தின் கண்ணில் நீங்கள் மணமானவரா?

நம் சமூகத்தில் பலர் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். வீட்டுக்காக முன்கூட்டியே பதிவுத் திருமணம் செய்துவிட்டு, கோயில் திருமணத்தைத் தள்ளிவைத்திருப்பவர்கள், தாலி ஏறாததால் தமக்குத் திருமணமே ஆகவில்லை என்று எண்ணுகின்றனர். சட்டப்படி அவர்கள் கணவன் மனைவி. பிரிய வேண்டுமானால் மணவிலக்கோ, திருமணத்தை ரத்துசெய்யும் ஆணையோ தேவை. இதற்கு நேர்மாறாக, 1961 செப்டம்பர் 15 முதல் சிங்கப்பூரில் சடங்கு மட்டும் நடத்தி, மாதர் சாசனத்தின்படி மணமுடிக்காமல் விட்டவர்கள், ஊரறிய மணந்தவர்களாக இருந்தாலும், சொத்துப் பிரிவினையின்போது மணமாகாதவர்களாகவே கருதப்படுவர். முஸ்லிம்களின் திருமணங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு.

இரண்டாம் படி: பத்திரத்தில் யார் பெயர்?

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடு என்றால் சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளம் மூலம் கழகத்தின் இணையத்தளத்தில் நுழைந்து, நீங்கள் உரிமையாளரா அல்லது குடியிருப்பாளராக மட்டும் பதிவானவரா என்று பாருங்கள். குடியிருப்பாளருக்கு வீட்டில் பங்கு இல்லை. உரிமையாளர் அல்லாத ஒருவர், தாம் கொடுத்த பணத்தைக் காட்டி வீவக வீட்டில் மறைமுகப் பங்கு கோருவதை வீடமைப்பு வளர்ச்சிச் சட்டம் தடுக்கிறது. பணம் கடனாகத் தரப்பட்டதென நிரூபிக்க முடிந்தால், அதைக் கடனாகத் திரும்பக் கேட்கலாம்.

தனியார் வீட்டில் நிலைமை வேறு. 2014ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் விளக்கியபடி, பங்கைப் பற்றி இருவருக்கும் இடையே வேறு பொதுவான எண்ணம் இருந்ததற்குச் சான்று இல்லையென்றால், வாங்கிய வேளையில் யார் எவ்வளவு பணம் செலுத்தினர், யார் எவ்வளவு கடனைப் பொறுப்பேற்றனர் என்பதைக் கொண்டே பங்கு கணிக்கப்படும். ஒருவர் 70 விழுக்காடும் மற்றவர் 30 விழுக்காடும் செலுத்தியிருந்தால், கணக்கு அந்த விகிதத்திலிருந்தே தொடங்கும். மாதந்தோறும் மளிகைக்கும் மின்கட்டணத்துக்கும் செலவழித்தவருக்கு இது பெரும் அநியாயமாகத் தோன்றும்; எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனாலும் சட்டம் இப்போது அப்படித்தான் உள்ளது.

மூன்றாம் படி: பிடிஓ வீட்டுக்கு (கட்டி முடிக்கும் முன்பே விண்ணப்பித்து வாங்கும் புதிய வீவக வீடு) விண்ணப்பித்திருந்தால்

மணமுடிக்கவிருக்கும் இணையருக்கான மணமக்கள் திட்டத்தின்கீழ் வீடு பெறுவோர், சாவி பெற்ற 3 மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைச் சமர்ப்பிக்க வேண்டும். உறவு அதற்குமுன் முறிந்தால், இழப்பு எவ்வளவு என்பது நீங்கள் எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வீட்டைத் தேர்ந்தெடுத்து, அதை வாங்குவதற்கான குத்தகை உடன்பாட்டில் கையெழுத்திடாத நிலையில் முன்பதிவுத் தொகை போகும். நாலறை வீட்டுக்கு அது 2,000 வெள்ளி. கையெழுத்திட்ட பிறகு விலகினால் வீட்டு விலையில் 5 விழுக்காடு போகும், அதாவது 400,000 வெள்ளி வீட்டுக்கு 20,000 வெள்ளி. ஆகவே மனத்தில் ஐயம் இருக்கும்போது, பெற்றோர் என்ன சொல்வார்களோ என்ற தயக்கத்தால் கையெழுத்து நாள்வரை காத்திருக்காதீர்கள்.

நான்காம் படி: பணத்தின் தடத்தைச் சேகரியுங்கள்

வங்கி அறிக்கை, மத்திய சேமநிதிக் கணக்கு விவரம், இருவரும் பேசிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றை இப்போதே பிரதி எடுத்து வையுங்கள். உங்கள் பெற்றோர் பணம் தந்திருந்தால், அது அன்பளிப்பா கடனா என்பதை அவர்களிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வீடு விற்கப்படும்போது, அவரவர் வீட்டுக்காக எடுத்த சேமநிதித் தொகை வட்டியுடன் அவரவர் கணக்குக்கே திரும்ப வேண்டும் என்பதால், கைக்கு வரும் ரொக்கம் எதிர்பார்த்ததைவிடக் குறையலாம்.

ஐந்தாம் படி: வாடகை வீடு என்றால்

ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டிருந்தால், ஒருவர் வெளியேறிய பிறகும் பொதுவாக முழு வாடகைக்கும் இருவருமே பொறுப்பு. வீட்டு உரிமையாளரிடம் பேசி, பெயர் நீக்கத்தையும் முன்பணத்தையும் எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: உடனே கவனிக்க வேண்டியவை

மிரட்டலோ அடியோ இருந்தால் சொத்துப் பேச்சை ஒதுக்கிவைத்து, 24 மணி நேரமும் இயங்கும் வன்முறை எதிர்ப்பு உதவி எண்ணான 1800-777-0000ஐ அழையுங்கள். மணமாகாதவர்களும் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம்.

மற்றொன்றைப் பலர் மறந்துவிடுகின்றனர். உங்களுக்குப் பின் சேமநிதிப் பணம் யாருக்கு என்று குறிக்கும் சேமநிதி நியமனம், உறவு முறிந்ததால் தானாக ரத்தாவதில்லை. பழைய இணையரின் பெயர் அதில் இருந்தால் நீங்களே மாற்ற வேண்டும். வீடு கூட்டுரிமையில் இருந்தால், ஒருவர் இறக்கும்போது முழு வீடும் மற்றவருக்கே சேரும். தனித்தனிப் பங்காக அதை மாற்ற முடியுமா என்பதை, இந்த ஆவணங்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு, ஒரு வழக்கறிஞரிடமோ இலவச சட்ட ஆலோசனை நிலையத்திலோ முதல் கேள்வியாகக் கேளுங்கள்.